வாடிய காளானா, உலர்ந்த காளானா: எதிலிருந்து வளர்ப்பு தொடங்கலாம்?

எடுக்கும் பகுதி
வாடியது: உட்சதை. தண்டை நீளவாக்கில் கையால் பிய்த்து, வெளித்தோல் படாத நடுவிலிருந்து அரிசியளவு துண்டை அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) ஊற்றி உறையவைத்த தட்டில் வையுங்கள். கத்தியால் அறுத்தால் மேல்தோலின் பாக்டீரியாவும் உள்ளே இழுபடும்.
உலர்ந்தது: குடையின் அடிமடிப்புகளில் ஒட்டிய ஸ்போர் (காளானின் விதை போன்ற நுண்தூள்). அதிகச் சூட்டில் உலர்த்தியிருந்தால் சதை பெரும்பாலும் செத்திருக்கும்.

வேகம்
வாடியது: சில நாட்களில் வெள்ளை இழை (காளானை உருவாக்கும் பூஞ்சையின் உடல்).
உலர்ந்தது: வாரக்கணக்கில் ஆகலாம், முளைக்காமலும் போகலாம்.

குணம்
வாடியது: தாய்க் காளானின் நகல்.
உலர்ந்தது: ஒவ்வொரு ஸ்போரும் வேறு. சிப்பிக் காளானில் ஒற்றை ஸ்போரின் இழை மொட்டு விடாது, பொருந்தும் இணை வேண்டும். அதனால் பல ஸ்போர்களைச் சேர்த்தே தூவுங்கள்.

கெடுதல்
வழவழப்பும் புளித்த வாடையும் பாக்டீரியாவின் அடையாளம். அந்தக் காளானை விட்டுவிடுங்கள். ஸ்போர் தட்டில் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். அது பரவுமுன் வெள்ளை இழையின் நுனியைப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

விளைச்சலே நோக்கமென்றால் வாடியதுதான், அதுவும் இன்றே. புதிதாகக் கிடைக்காத இனத்துக்கு மட்டும் உலர்ந்ததை முயலுங்கள், குறைந்தது 5 தட்டுகளில்.