ஊர் கொந்தளிக்கும்போது எது கடமை: வீதியா, மனுவா, கேமராவா, தெருக்குழுவா?

கடையடைப்பு அறிவிப்பு வந்துவிட்டது. பேருந்துகள் பாதி வழியில் பணிமனைக்குத் திரும்புகின்றன. எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாத வீடியோக்கள் கைப்பேசியில் வந்து விழுகின்றன. கட்சியிலும் சங்கத்திலும் இல்லாத ஒரு சென்னைவாசி இப்போது என்ன செய்ய வேண்டும்? 1976-ல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் வந்த 51ஏ பிரிவு, நல்லிணக்கத்தை வளர்ப்பதும் பொதுச்சொத்தைக் காப்பதும் வன்முறையைக் கைவிடுவதும் குடிமக்களின் கடமை என்கிறது. எப்படிச் செய்வது என்று அதில் இல்லை.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். போராட்டத்தில் போய் நிற்கலாம். மனு, வழக்கு என்று சட்டவழியில் போகலாம். நடப்பதைப் படம்பிடித்து ஆதாரமாக்கலாம். நம் தெருவைக் கலவரம் தொடாமல் பார்த்துக்கொள்ளலாம். இவற்றில் முதலாவதற்குப் பேர் அதிகம், கடைசிக்குப் பலன் அதிகம். கடைசி வேலையைத் தெருவில் குடியிருப்பவர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. அப்படியிருந்தும் நான்கிலும் குறைவாக நடப்பது அதுதான்.

வீதியில் இறங்குவது

கோபம் அரசின் ஒரு முடிவின் மீது என்றால் வீதிக்கு மாற்று இல்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. சென்னையில் அதற்கு ஒரு நடைமுறை உண்டு. சென்னை மாநகரக் காவல் சட்டம், 1888-இன் 41-ஆவது பிரிவின்கீழ், அனுமதியில்லாத கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் 15 நாட்களுக்குத் தடை விதித்து, முடிந்ததும் அதைப் புதுப்பிப்பது ஆணையர் அலுவலகத்தின் வழக்கம். எனவே ஆர்ப்பாட்டமோ உண்ணாவிரதமோ, 5 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இடம், நேரம், எத்தனை பேர், மைக் உண்டா, பொறுப்பாளர்கள் யார், அவர்கள் தொலைபேசி எண் என்ன, இவ்வளவும் கடிதத்தில் இருக்கட்டும். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் அருகே என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். மெரினா கிடைக்காது, அங்கே போராட்டம் கூடாது என்பதை 2018-ல் சென்னை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது. அனுமதி மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் முதல் நாள் அதிலேயே போய்விடும்.

இந்த வழியின் பலவீனம், அடுத்தவர் செய்த தவறு நம் தலையில் விழுவது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடி, பொது நோக்கத்தோடு ஒருவர் குற்றம் செய்தால் எல்லோரும் அதற்குப் பொறுப்பு என்கிறது குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (பிஎன்எஸ்) 190-ஆவது பிரிவு. கல் எறிந்தவர் ஓடிவிடுவார், நின்றவர் மாட்டுவார். அதனால் முதல் கல் பறந்த உடனே பொறுப்பாளர் எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்ல வேண்டும். எல்லோரும் உட்கார்ந்தால் நிற்பவன் யார் என்று காவலருக்கும் கேமராவுக்கும் தெரிந்துவிடும். கலையச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகும் நின்றால் அது தனிக்குற்றம். கண்ணீர்ப்புகை அடித்தால் கண்ணைக் கசக்காமல், காற்று வீசும் திசையை எதிர்த்து நடந்து வெளியேறி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு போவது நல்லது.

கைதுசெய்து கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிட்டால், அத்தோடு முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பெயர், முகவரி எழுதி வாங்கியிருந்தால் வழக்கு பதிவாகியிருக்கலாம். பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போது அது தலைதூக்கும். அடுத்த வாரமே தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்ஐஆர் பார்க்கும் பகுதியில் தேடிப் பாருங்கள். அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் தனியாக இருப்பதால், அவர்கள் அடுத்த வழியைத் தேர்ந்தெடுப்பது மேல்.

மனுவும் வழக்கும்

மெதுவான வழி இது, ஆனால் அழியாத தடம் விட்டுப்போகும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு போட்டால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உயிர், தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். காவலர்களின் அத்துமீறலுக்கு மாநில மனித உரிமை ஆணையத்தில் கட்டணமில்லாமல் புகார் தரலாம். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து அனுப்புவார்கள். அது எஃப்ஐஆர் ஆகாது. குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ஆவது பிரிவின்படி, பிடிகுற்றம், அதாவது வாரண்ட் இல்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றம் பற்றிய புகாரை எந்த ஸ்டேஷனிலும் பதிய வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் தபாலில் துணை ஆணையருக்கு, அதற்கும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவருக்கு. பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், நடுவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. 15100 இலவச சட்ட உதவி எண். பெண்கள், காவலில் இருப்பவர்கள், சாதிக் கொடுமைக்கோ இனக் கலவரத்துக்கோ ஆளானவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

கேமரா

2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைக் கலைத்தபோது ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ வைக்கப்பட்டது, நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. யார் எதைச் செய்தார்கள் என்ற சண்டை செல்போன் காட்சிகளை வைத்துத்தான் நடந்தது. விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ராஜேஸ்வரன் ஆணையம் அமைக்கப்பட்டது. கையில் போன் இருப்பவர் செய்யக்கூடிய கடமை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆனால் எடுக்கப்படும் காட்சிகளில் பெரும்பகுதி நீதிமன்றத்தில் உதவாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கிப்போகும், எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து கழன்றுவிடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். எடுக்கும்போதே தெருப்பெயர்ப் பலகையையோ பேருந்து நிறுத்தத்தையோ ஒரு முறை காட்டி, தேதி, நேரத்தை வாயால் சொல்லுங்கள். ஒரு காட்சியைப் பத்து வினாடியாவது ஆடாமல் பிடியுங்கள். ஜூம் வேண்டாம். பிறகு வெட்டாமல், பாட்டு சேர்க்காமல், அசல் கோப்பை எடுத்த போனிலேயே விட்டுவிட்டு நகலை மட்டும் பென் டிரைவிலும் இன்னொரு இடத்திலும் வையுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல்செய்ய சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏ 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ் எண்ணும் அதில் இடம்பெறும். அசல் கோப்பில் ஒரு வினாடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும்.

இதைவிட அவசரமானது சிசிடிவி. கடைகளில் கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதும். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாள். பதில் வரும்போது காட்சி இருக்காது. அதனால் சம்பவத்தன்றே கடைக்காரரிடமும் அடுக்கக சங்கத்திடமும் ஸ்டேஷனிலும் இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரையான பதிவைப் பாதுகாக்கக் கோரி ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். டிவிஆர் கடிகாரம் பல நிமிடம் தப்பாக ஓடுவது சகஜம். டிவிஆர் திரையையும் உங்கள் போனின் கடிகாரத்தையும் ஒரே படத்தில் பிடித்து வைத்தால் பின்னால் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

நேரலை மட்டும் வேண்டாம். ஒளிந்திருப்பவர்கள் எந்தச் சந்தில் இருக்கிறார்கள் என்பதைத் துரத்துபவர்களும் அதில்தான் பார்க்கிறார்கள். சிறுவர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமும்கூட. போனைக் கேட்டு வாங்கினால் பறிமுதல் பட்டியலில் எழுதச் சொல்லி நகல் கேளுங்கள்.

தெருக்குழு

கலவரம் வெளியிலிருந்து வந்தாலும் அது பற்றிக்கொள்வது தெருவில். பற்றவைப்பது பெரும்பாலும் வதந்தி. 2018 மே மாதம் போளூர் அருகே, சென்னையிலிருந்து கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று நினைத்து ஊரார் அடித்தார்கள், 65 வயதுப் பெண் இறந்துபோனார். வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. இங்கே நடக்காத தாக்குதலுக்குப் பயந்து பலர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். இரண்டிலும் யாராவது ஒருவர் நின்று “இரு, முதலில் விசாரிப்போம்” என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஆள் தெருவில் இருக்க வேண்டும். அவர் சொன்னால் நாலு பேர் கேட்க வேண்டும்.

அதற்குக் குழு பதற்றத்துக்கு முன்பே இருக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து வீட்டுக்கு ஒன்று போதும். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் சேர்ந்தால் உருப்படாது. வாடகைக்கு இருப்பவர்கள், மாடியறையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு, மளிகைக் கடை, ஜமாத், சர்ச், கோயில் நிர்வாகம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டை விட்டுவிடாதீர்கள். தெருவுக்குள் வரும் புது முகம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் அவர்களுக்கு ஆள் தெரியும். கட்சிகளின் வட்டச் செயலாளர்களிடம் பேசி வையுங்கள், பொறுப்பைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுநாளே அது ஒரு கட்சியின் குழுவாகிவிடும், மறு கட்சிக்காரர் வீட்டுக் கதவு திறக்காது.

பதற்றம் தொடங்கியதும் முதல் வேலை தெருவைத் துடைத்து வைப்பது. கட்டுமானத்துக்குக் கொட்டிய ஜல்லியும் உடைந்த செங்கல்லும் தார்ப்பாய் போட்டு மூடப்பட வேண்டும் அல்லது உள்ளே போக வேண்டும். காலி பாட்டில்கள், பழைய டயர்கள் உள்ளே. வெளியே நிற்கும் இருசக்கர வாகனங்கள் காம்பவுண்டுக்குள் போகட்டும். தெருவில் முதலில் எரிவது அவைதான். மாநகராட்சியின் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியை வீட்டுச் சுவரிலிருந்தும் மின்பெட்டியிலிருந்தும் தள்ளி நிறுத்துங்கள். விளக்குகளை அணைக்க வேண்டாம், இருட்டுத் தெருவில் அடையாளம் தெரியாது என்ற தைரியத்தில்தான் கூட்டம் நுழையும்.

அடுத்தது பட்டியல். டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் முதியவர்கள், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். டயாலிசிஸுக்கு ஒரு நாள் தவறினாலே ஆபத்து, ஆகவே 108-ஐ முன்கூட்டியே அழைத்து எந்த வழி திறந்திருக்கிறது என்று கேட்டு வையுங்கள். வதந்தி வந்தால் குழுவில் ஒருவர் மட்டும் ஸ்டேஷனுக்கு அல்லது 112-க்கு அழைத்துக் கேட்டு, கிடைத்த பதிலை நேரத்தோடு எழுதிப் போட வேண்டும். ஆளாளுக்கு அழைத்தால் ஆளுக்கொரு பதில் வரும்.

குழு கெட்டுப்போவதும் இங்கேதான். கையில் கம்பு எடுத்துக்கொண்டு வருவோர் போவோரிடம் ஆதார் கேட்க ஆரம்பித்தால் அதுவே கும்பலாகிவிடும். குடிமகன் ஒருவரைப் பிடிக்கலாம், ஆனால் ஜாமீனில் விட முடியாத பிடிகுற்றத்தைத் தன் கண்முன் செய்தவரையோ அறிவிக்கப்பட்ட குற்றவாளியையோ மட்டும். பிடித்தால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் 40-ஆவது பிரிவு. அடித்தாலோ கட்டிவைத்தாலோ வழக்கு நம் மீது. அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு, அமைதி குலைவதைத் தடுக்கக் காவல் அதிகாரி நியாயமாகக் கேட்கும் உதவியைச் செய்தாக வேண்டும் என்கிறது. கேட்டால் உதவுங்கள், கேட்காதபோது காவலராகிவிடாதீர்கள்.

யாருக்கு எது

ஒரே ஆளால் நான்கும் முடியாது, முயலவும் கூடாது. போராட்டத்தில் பொறுப்பாளராக நின்றவர் அன்று மாலை சமாதானம் பேசப் போனால் எதிர்த்தரப்பு நம்பாது. வீட்டுக்குள்ளேயே பிரித்துக்கொள்ளலாம். கல்லூரிப் பிள்ளை அனுமதி பெற்ற ஆர்ப்பாட்டத்துக்குப் போகட்டும், போகும் முன் வக்கீல் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளட்டும். அரசு வேலையில் இருக்கும் அப்பா மனுவையும் சிசிடிவி கடிதத்தையும் எழுதட்டும். பகலெல்லாம் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும்தான் தெருவில் யார் யார் என்று தெரியும், பட்டியல் அவர்களிடம் இருக்கட்டும்.

நடந்ததைக் கண்ணால் பார்த்த பாட்டி, ஸ்டேஷன் படி ஏற வேண்டுமே என்று வாய் திறக்காமல் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: பெண்களையும், 15 வயதுக்குக் கீழான சிறுவர்களையும், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பிஎன்எஸ்எஸ் 179-ஆவது பிரிவு என்று சொன்னால் வருகிற அதிகாரிக்கும் புரியும்.