கரை மைக்கா, டிவி மைக்கா?

விளையாட்டு வர்ணனைக்கு வர நினைப்பவர் முதலில் மைக் பிடிக்க வேண்டியது கடற்கரையிலா, டிவியிலா? கடலோர ஊரான தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டிக்கு வர்ணனை செய்பவருக்குத் தொண்டைதான் மூலதனம். படகுகள் தள்ளிப் போய்விட்டால் கரையில் நிற்பவர்களுக்கு எது யாருடையது என்றே தெரியாது. "நீலப்பாய் காத்தைப் பிடிச்சிருச்சு!" என்று இவர் கத்தினால்தான் கூட்டம் எழும்பும். வாயை மூடினால் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

டிவியில் நேர்மாறு. படம் பேசுகிறது, நாம் குறைக்க வேண்டும். கபடியில் ஒரு ரெய்டுக்கு (எதிரணிப் பக்கம் பாடிப் போவதற்கு) 30 விநாடி; அதற்குள் ஆடுபவர் பெயர், புள்ளிக்கணக்கு, காதுக்குள் தயாரிப்பாளரின் குரல் எல்லாம். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் 2017இல் வந்தபின் வாய்ப்பு கூடியது உண்மை. ஆனால் அங்கும் சீசன் முடிந்தால் வேலை முடிந்தது. (கரையில் சாப்பாடாவது நிச்சயம்.)

என்னைக் கேட்டால், முதலில் கரை. பேசுவதையெல்லாம் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அப்புறம் ஆடிஷனுக்குப் போகலாம்.