கண்ணகை அம்மன் எந்த வழியால் வந்தா: தூரக் கணக்கா, குடிக் கணக்கா?

தம்பிலுவில், பட்டிமேடு, காரைதீவு, எருவில், செட்டிபாளையம், மகிழடித்தீவு என்று இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எங்கும் கண்ணகை அம்மன் (சிலப்பதிகாரக் கண்ணகிதான்) கோயில்கள். இந்த வழிபாடு ஊருக்கு ஊர் எப்படிப் பரவியது என்பதை வலையமைப்பாக வரைந்து பார்க்கலாம். கோயில்கள் புள்ளிகள், இடையில் கோடுகள். எதை வைத்துக் கோடு போடுவது என்பதில்தான் இரண்டு கட்சி.

ஒன்று, தூரம். ஒவ்வொரு கோயிலையும் கிட்டவுள்ள மூன்று கோயில்களோடு இணைப்பது. கிரேக்கத்தின் சைக்கிளாடிஸ் தீவுகளுக்குத் தொல்லியலாளர் சிப்ரியன் புரூட்பேங்க் இந்த வகை முறையைத்தான் கையாண்டார். ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும், ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஊர்களுக்கு நடுவே கிடக்கும் நம் மட்டக்களப்பு வாவி (கடல்நீரேரி) சும்மா விடாது. நேர்கோட்டில் அளந்தால் வாவியே இல்லாத மாதிரி ஆகிவிடும். கூகுள் வரைபடத்தில் வீதித் தூரம் எடுத்தாலோ, 2014இல் திறந்த மண்முனைப் பாலமும் கணக்கில் வந்துவிடும். அம்மனை அந்தப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு அனுப்புவது நல்ல பகிடி! அம்பிலாந்துறை–குருக்கள்மடம், மண்டூர்–குருமண்வெளி போன்ற படகுத் துறைகளை வைத்து அளந்தால் ஓரளவு தேறும்.

மற்றது, ஆட்கள். ரோமப் பேரரசில் ஜூபிட்டர் டொலிகெனஸ் என்ற தெய்வத்தின் வழிபாடு பரவியதைத் தொல்லியலாளர் அனா காலர் இப்படித்தான் ஆராய்ந்தார். இன்றைய துருக்கியில் காசியான்டெப் அருகே தோன்றிய தெய்வம் பிரித்தானியாவின் ஹேட்ரியன் சுவர் வரை போனதைப் பக்கத்து ஊர்க் கணக்கால் விளக்க முடியாது. படை அதிகாரிகளின் தொடர்புகளால் முடியும். கல்வெட்டுகளில் பெயரும் பதவியும் கிடக்கின்றன.

நமக்கு அப்படிக் கல்வெட்டுகள் இல்லை, குடி (குலம்) இருக்கிறது. எந்த நாள் சடங்கு எந்தக் குடிக்கு, வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) எந்தக் குடி என்பது ஊருக்கே தெரியும். ஒரே குடிக்கு உரிமையுள்ள கோயில்களைக் கோட்டால் இணைத்தால் நல்ல படம் வரும். ஏனென்றால் குடி தாய்வழி. மாப்பிள்ளை மட்டும் வேறு ஊருக்குப் போனால் அவருடைய குடி அவரோடு நின்றுவிடும், பிள்ளைகள் தாயின் குடி. இரண்டு ஊரில் ஒரே குடி வேரூன்றியிருக்கிறது என்றால் பெண்களும் சேர்ந்தே இடம் மாறியிருக்க வேண்டும். அம்மனும் கூடவே போயிருப்பா என்று நினைக்க இதைவிட நல்ல தடயம் வேண்டுமா?

குறையும் உண்டு. உலகிப்போடி குடி என்ற பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் இருவரும் ஒரே வழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. உரிமைகளும் வழக்கு, சண்டை, இடப்பெயர்வு என்று மாறியிருக்கும். இன்றைய படத்தைப் பழங்காலத்தின் தலையில் கட்டக்கூடாது.

எனக்கு குடிக் கணக்கே மேல். தூரக் கணக்கைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்: துறைகளால் விளங்காத ஒரு கோடு குடியால் விளங்கினால் அங்கேதான் தோண்ட வேண்டும். கோயில் ஊர்களை அடுக்கிச் சொல்லும் ஊர்சுற்றுக் காவியத்தையும் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் அதில் எந்த ஊர் இருக்கிறது, எது இல்லை என்பதை மட்டும் எடுங்கள். வரிசையை நம்ப வேண்டாம், எதுகைக்காக ஊர்கள் இடம் மாறியிருக்கும்.