லீ-என்ஃபீல்டா, மோசின்-நகாந்தா: சுடவும் பராமரிக்கவும் எது தோது?

பழைய ராணுவ ரைபிள் வாங்கி, அதை ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுடவும் ஆசைப்படுகிற அமெரிக்க, கனடாக்காரர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்: பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு நம்பர் 4, சோவியத் மோசின்-நகாந்த் 91/30. என் ஓட்டு லீ-என்ஃபீல்டுக்கு. ஆனால் அதை வைத்துக் காப்பாற்றத்தான் கூடுதல் பொறுமை வேண்டும்.

சுடுவதைப் பொறுத்தவரை பெரிய போட்டியே இல்லை. லீ-என்ஃபீல்டின் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டை, கொஞ்சம் தூக்கினாலே போதும், வழுக்கிக்கொண்டு பின்னால் வரும். மேகசினில் 10 தோட்டா. கண்ணுக்குப் பக்கத்திலேயே துளை சைட், அதாவது சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கும் அமைப்பு. மோசினில் 5 தோட்டாதான், போல்ட் கைப்பிடியும் குட்டை. சேஃப்டி போட வேண்டுமென்றால் பின்னால் உள்ள குமிழை ஸ்பிரிங்கின் பலத்தை எதிர்த்து இழுத்துத் திருக வேண்டும், விரல் நோகும். போதாததற்கு, 91/30-க்குப் பயனெட் (குழல் முனையில் மாட்டும் குத்துக்கத்தி) மாட்டிய நிலையில்தான் குறி சரிசெய்தார்கள். அதைக் கழற்றிவிட்டுச் சுட்டால் குண்டு வேறு இடத்தில் போய் விழும்.

பராமரிப்பில் மோசின் முந்துகிறது. போல்ட்டைக் கழற்ற எந்தக் கருவியும் வேண்டாம். திரும்பப் பூட்டியதும், கூடவே வரும் சின்ன இரும்புக் கருவியில் 75, 95 என்று குறித்த இரண்டு வெட்டுகளை ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்பக்கத்தில் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) மேல் வைத்துப் பார்க்க வேண்டும். முனை 75-இல் தட்ட வேண்டும், 95-இல் தட்டக் கூடாது. அவ்வளவுதான். போல்ட் திறக்க முரண்டுபிடித்தால் முதலில் சேம்பரை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையைப் பாருங்கள். கிடங்கில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய காஸ்மோலின் என்ற கிரீஸ் உள்ளே இறுகிக் கிடக்கும். சால்வென்ட் விட்டு பித்தளை பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழைய ராணுவத் தோட்டா சுட்டால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம். அதன் பிரைமர், அதாவது அடியில் முதலில் பற்றும் மருந்து, குழலுக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும். உப்பு ஈரத்தை இழுக்கும், துரு பிடிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் அன்றைக்கே வெந்நீர் ஊற்றி, துடைத்துக் காயவைத்து, அப்புறம்தான் எண்ணெய். தோட்டாவைத் தொடும் போல்ட்டின் முன்முகத்தையும் மறக்க வேண்டாம்.

லீ-என்ஃபீல்டில் தலைவலி கொடுப்பது மரம்தான். முன்கட்டை காய்ந்து சுருங்கினால் குழல் உட்காரும் இடம் மாறி, குறி அலையும். இஷாபூரில் செய்து நம் போலீஸ்காரர்கள் தோளில் தொங்கிய நம்பர் 1 மார்க் 3 என்ற முந்தைய லீ-என்ஃபீல்டு வகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். சுட்ட கூடுகளை மறுபடி நிரப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: லீ-என்ஃபீல்டு சுடும் .303 தோட்டாவின் சேம்பர் தாராளமானது, கூடு நீண்டு அடிப்பக்கத்தில் அறுந்துபோகும். முழுக் கூட்டையும் விட்டு, கழுத்தை மட்டும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் கூடு கொஞ்சம் அதிகம் தாங்கும்.

எதை எடுத்தாலும் முதல் தோட்டாவுக்கு முன்னால் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் தோட்டாவுக்கு விட்ட இடம் சரியா என்று அது காட்டும். நம்பர் 4-இல் இந்த இடைவெளியைச் சரிசெய்யும் போல்ட் ஹெட்டுகள் (போல்ட்டின் கழற்றக்கூடிய முன்துண்டு) 0 முதல் 3 வரை நான்கு அளவில் உண்டு. கடையில் போல்ட்டைக் கழற்றி அந்த எண்ணைப் பாருங்கள். ஏற்கெனவே 3 மாட்டியிருந்தால் அடுத்துப் போட பெரிய அளவு கிடையாது. அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பாருங்கள், கேஜ் தேறாவிட்டால் வாங்க வேண்டாம்.