டிரெட்ஜ்: இருட்டுவதற்குள் கரை சேர வேண்டும்

டிரெட்ஜ் என்ற மீன்பிடித் திகில் வீடியோ விளையாட்டு வெளிவந்த வருடத்திலிருந்து அதை விட்டு விட்டு விளையாடி வருகிறேன். கதையை ஒரு தடவைக்கு மேல் முடித்தாகிவிட்டது. பின்னால் வந்த இரண்டு கூடுதல் தொகுப்புகளையும் பார்த்தாகிவிட்டது. புது விளையாட்டு வந்த வாரத்தில் எழுதும் விமர்சனங்களில் முதல் சில மணி நேரப் பரவசம்தான் அதிகம் இருக்கும். டிரெட்ஜ் அந்தப் பரவசத்துக்கு முழுத் தகுதி உள்ளதுதான். ஆனால் நெடுநாள் பழகிய பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: இதன் பெரிய பலமும் பெரிய குறையும் ஒரே இடத்திலிருந்து, உங்கள் படகிலிருந்து, வருகின்றன. படகு நோஞ்சானாக இருக்கும்வரை இந்தக் கடல் உண்மையிலேயே பயமுறுத்துகிறது. படகு தேறத் தேற அந்தப் பயம் கரைந்துவிடுகிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இருக்கும் பிளாக் சால்ட் கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. டீம்17 நிறுவனம் 2023 மார்ச் 30 அன்று கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் வெளியிட்டது. நீங்கள் ஒரு மீனவர். கிரேட்டர் மாரோ என்ற தீவுக்கு வேலை தேடி வரும்போது படகு பாறையில் மோதி உடைகிறது. ஊர் மேயர் ஒரு பழைய படகைக் கொடுக்கிறார், கடனாக. மீன் பிடித்து விற்றுக் கடனை அடைக்க வேண்டும். இருட்டிய பிறகு கடலில் இருக்காதே என்று ஊரார் சொல்கிறார்கள், ஏன் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அப்புறம் பக்கத்துத் தீவில் தனியாக வாழும் ஒரு சேகரிப்பாளர், கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ஐந்து பழைய பொருள்களை எடுத்து வரச் சொல்கிறார். பதிலாக விசித்திர சக்திகள் தருகிறார். கதை அவ்வளவுதான். மீதி எல்லாம் கடல்.

இந்த விளையாட்டின் உயிர் மூன்று சின்ன ஏற்பாடுகளில் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதைப் பார்க்கும்போது, செய்தவர்கள் மேல் எனக்கு இப்போதும் மரியாதை வருகிறது.

முதலாவது நேரம். படகு நகர்ந்தால்தான் கடிகாரம் ஓடும், தூண்டில் போட்டால் ஓடும், நின்றுவிட்டால் நின்றுவிடும். ஆக, யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு முடிவு எடுத்ததும் அதற்கு விலை உண்டு. பதற்றம் கை வேகத்தால் வருவதில்லை, கணக்கால் வருகிறது. இங்கிருந்து துறைமுகத்துக்கு இவ்வளவு தூரம், சூரியன் இவ்வளவு சாய்ந்துவிட்டது, நடுவில் இன்னும் ஒரு மீன் கூட்டம் குமிழி விடுகிறது. போவதா, வேண்டாமா?

இரண்டாவது சரக்கறை. கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு பரப்பு. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வடிவம். விலாங்கு நீளமாக வளைந்து கிடக்கும், கானாங்கெளுத்தி அடக்கமாக உட்காரும், சுறா வந்தால் பாதி இடத்தை விழுங்கிவிடும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி அடைப்போமே, அந்தச் சுகம் இதில் அப்படியே இருக்கிறது. எஞ்சின், விளக்கு, தூண்டில் எல்லாமே இதே கட்டங்களில்தான் உட்காருகின்றன. பாறையில் இடித்தால் ஒரு கட்டம் உடையும். அந்தக் கட்டத்தில் மீன் இருந்தால் கடலில் விழும், எஞ்சின் இருந்தால் பழுது பார்க்கும்வரை ஓடாது. சேதத்தை ஒரு எண்ணாகக் காட்டாமல், நீங்கள் கஷ்டப்பட்டு அடுக்கிய இடத்திலேயே ஓட்டை போடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு இடியும் நெஞ்சில் விழுகிறது.

மூன்றாவது அந்தக் கண். இரவில் வெளியே இருக்க இருக்கத் திரையின் மேலே ஒரு கண் திறந்து, அங்கும் இங்கும் உருண்டு, சிவக்கத் தொடங்கும். அது உங்கள் மீனவரின் பீதி. பீதி ஏறினால் பகலில் இல்லாத பாறை முன்னால் முளைக்கும். பறவைகள் கூட்டமாக வந்து சரக்கறையிலிருந்து மீனைக் கொத்திக்கொண்டு போகும். தூரத்தில் இன்னொரு படகின் விளக்கு தெரியும், துணைக்கு ஆள் இருக்கிறது என்று பக்கத்தில் போனால் அது படகாக இருக்காது. துறைமுகத்தில் படுத்துத் தூங்கினால் பீதி இறங்கும். அதாவது எஞ்சினையும் வலையையும் போலத் தூக்கத்தையும் திட்டமிட வேண்டியிருக்கிறது.

இந்த மூன்றும் சேர்ந்து பேராசையைத்தான் சோதிக்கின்றன. சில மீன்கள் இரவில் மட்டுமே கடிக்கும். உருக்குலைந்த விசித்திர மீன்கள் நல்ல விலைக்குப் போகும். மீன் நேரம் ஆக ஆகப் புத்தம் புதிது என்ற நிலையிலிருந்து அழுகலுக்கு இறங்குவதால், பிடித்ததைச் சீக்கிரம் கரை சேர்க்கவும் வேண்டும். யாரும் உங்களை இருட்டுக்குள் தள்ளுவதில்லை. நீங்களாகத்தான் போகிறீர்கள். திகில் விளையாட்டுகளில் இப்படி ஒரு நேர்மையை நான் அதிகம் பார்த்ததில்லை.

லவ்கிராஃப்ட் பாணி என்று விளம்பரம் செய்யும் விளையாட்டுகள் ஏராளம். பெரும்பாலும் நான்கு தும்பிக்கை வைத்த பூதத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, துப்பாக்கியையும் கையில் கொடுத்துவிடுவார்கள். 1890 முதல் 1937 வரை வாழ்ந்த அந்த அமெரிக்க எழுத்தாளரின் பயம் அது கிடையாது. மனிதனைவிட மிகப் பழையதும் மிகப் பெரியதுமான ஒன்று கீழே இருக்கிறது, அதற்கு நம்மைப் பற்றி அக்கறையே இல்லை, அதைப் பற்றி அறிந்துகொள்வதே நம் புத்தியைக் கெடுக்கும் என்பதுதான் அந்தப் பயம். டிரெட்ஜ் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. இங்கே உங்களுக்கு ஆயுதமே இல்லை. விளக்கு உண்டு, ஊதுகுழல் உண்டு, ஓடுவதற்கு எஞ்சின் உண்டு. கண்ணால் பார்ப்பதை நம்ப முடியாது, ஆனால் கண்ணில் பட்ட பாறை படகை உடைக்கத்தான் செய்யும். இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. அவருடைய கதைகளில் வேற்று இன மக்கள் மேல் இருக்கும் அருவருப்பை இவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தீவுகளில் இருப்பவர்கள் பரிதாபமான, தனிமையில் வாடும் மனிதர்கள்.

மீன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடிப்படை விளையாட்டிலேயே 125க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருக்கின்றன. பிடித்த ஒவ்வொன்றும் ஒரு கலைக்களஞ்சியத்தில் பதிவாகிறது. மூன்று தலை காட் மீன் போன்ற உருமாறிய வகைகள் அருவருப்பும் அழகும் கலந்த ஓவியங்கள். அவற்றுக்கான ஓரிரு வரிக் குறிப்புகளில் கதையில் இல்லாத கவித்துவம் இருக்கிறது. அதே பக்கங்களில் சீலகாந்து, கோப்ளின் சுறா, தலை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பேரல்ஐ மீன் போன்ற நிஜ மீன்களும் வருகின்றன. சீலகாந்து டைனோசர் காலத்தோடு அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள், 1938இல் தென்னாப்பிரிக்கக் கரையில் ஒன்று வலையில் சிக்கியது. எது கற்பனை, எது நிஜம் என்று தேடப்போய்க் கடல் உயிரியலே கொஞ்சம் படித்துவிட்டேன். இந்தப் புத்தகத்தை நிரப்புவதற்காகவே மறுபடி மறுபடி இதற்குத் திரும்புகிறேன்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

பயம் கரைவதைச் சொன்னேன். அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் கேல் கிளிஃப்ஸ் பகுதியின் குறுகிய கால்வாய்களுக்குள் நுழையும்போது அங்கே சுற்றும் ஒன்று துரத்தும். எஞ்சின் மெதுவானது, திரும்ப இடமில்லை, உள்ளங்கை வேர்க்கும். மரமும் இரும்புத் துண்டும் சேர்த்துப் படகை இரண்டு கட்டம் உயர்த்திவிட்டால், அதே ஜந்து கடந்து போக வேண்டிய ஒரு இடைஞ்சலாகிவிடுகிறது. போதாக்குறைக்குச் சேகரிப்பாளர் தரும் சக்திகளில் ஒன்று திடீர் வேகம், இன்னொன்று நொடியில் அவருடைய தீவுக்கே கொண்டு சேர்ப்பது, மற்றொன்று துரத்துவதை விரட்டுவது. இவற்றுக்கும் விலை உண்டு என்றாலும், கொடுக்க முடியாத விலை ஒன்றும் இல்லை. படகு மூழ்கினாலும் கடைசியாகக் கட்டிய துறைமுகத்திலிருந்து தொடரலாம். ஒரு பகலின் உழைப்பு போகும், அவ்வளவுதான்.

பகுதிக்கு ஒரு பயங்கரம் என்று பங்கு போட்டுக் கொடுத்ததும் சலிப்புக்கு ஒரு காரணம். ஸ்டெல்லார் பேசினின் ஆழத்தில் கிடப்பது, ட்விஸ்டட் ஸ்ட்ராண்டின் அலையாத்திக் காடுகளில் மிதப்பது, டெவில்ஸ் ஸ்பைன் எரிமலைப் பகுதியில் உலவுவது என்று ஒவ்வொன்றும் முதல் சந்திப்பில் பிரமாதம். நடத்தை பிடிபட்டுவிட்டால் பிறகு அதில் புதிராக ஒன்றும் மிஞ்சுவதில்லை. புரியாமல் இருப்பதுதான் இந்த வகைத் திகிலுக்கு ஆதாரம். அது பாதி விளையாட்டோடு தீர்ந்துபோகிறது. பணமும் அப்படித்தான். முதலில் காசுக்குக் காசு எண்ணுவீர்கள், கடைசிப் பகுதியில் வாங்க ஒன்றும் இருக்காது. இரவில் போகத் தூண்டிய ஆசையே இல்லாதபோது இரவுக்கு என்ன வேலை?

வேலைகள் பெரும்பாலும் இதைக் கொண்டு வா, அதைக் கொண்டு போ என்ற ரகம். எழுத்து சுருக்கமாக, நன்றாகவே இருக்கிறது. ஆனால் பாத்திரங்கள் மீன் வியாபாரி, விமானி, ஆராய்ச்சியாளர் என்ற பட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். விதிவிலக்கு, அங்கங்கே தீவுகளில் குந்தியிருக்கும் முக்காடிட்ட உருவங்கள். குறிப்பிட்ட மீனை கேட்பார்கள், தாமதித்தால் அவர்கள் இருக்க மாட்டார்கள். காலம் உண்மையிலேயே ஒரு உயிரைக் கொண்டுபோவது அங்கேதான். அதைப் போல இன்னும் நான்கைந்து இருந்திருந்தால் இரண்டாம் பாதி தாங்கியிருக்கும். முடிவு இரண்டு விதமாக அமையலாம், இரண்டும் கதைக்குப் பொருத்தமானவை. ஆனால் இவ்வளவு நேரம் கட்டிய கனத்துக்கு அவை அவசரமாக முடிகின்றன.

தூண்டில் போடுவது, வட்டத்தில் ஓடும் முள் சரியான இடத்துக்கு வரும்போது பொத்தானை அழுத்துவது. தவறினாலும் மீன் தப்பாது, நேரம்தான் போகும். சில வகைகள் உண்டு, சீக்கிரமே பழகிவிடும். எனக்கு அது தியானம் மாதிரி, மாலையில் மூளையை ஆற்றப் போட ஏற்றது. சவால் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்.

கூடுதல் தொகுப்புகளில் 2023 நவம்பரில் வந்த தி பேல் ரீச் பனிக்கடலுக்குக் கூட்டிப்போகிறது. அழகாக இருக்கிறது, ஓரிரு மாலைகளில் முடிந்துவிடுகிறது. 2024 ஆகஸ்டில் வந்த தி அயர்ன் ரிக் கனமானது. ஒரு நிறுவனம் கடலடியில் துளை போட, அங்கிருந்து கசியும் கருப்புக் குழம்பு பழைய பகுதிகளுக்கே பரவுகிறது. நன்றாகத் தெரிந்த இடங்கள் மறுபடி அந்நியமாவது நல்ல யோசனை. ஆனால் கதை முடித்தபின் தொடங்கினால், அது தரும் பலமான கருவிகள் எல்லாம் தேவைப்படாத நேரத்தில் கைக்கு வருகின்றன.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், தயங்காமல். கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரும். பெரிய கணினி தேவையில்லை. வசனங்கள் எழுத்தில்தான் வருகின்றன, தமிழில் இல்லை, ஆனால் எளிய ஆங்கிலம் போதும். திடீரென்று முகத்துக்கு நேரே கத்தும் வகைப் பயம் பிடிக்காதவர்களும் தைரியமாக விளையாடலாம். அதுவும் அதிகம் என்றால், பின்னால் ஒரு புதுப்பிப்பில் சேர்த்த சாந்த முறை இருக்கிறது, அதில் ஜந்துக்கள் தாக்காது. முதல் தடவை மட்டும் அதைத் தொடாதீர்கள்.

பயம் சீக்கிரம் போகக்கூடாது என்று நினைப்பவர்கள் நான் இரண்டாம் சுற்றில் செய்ததைச் செய்து பாருங்கள். எஞ்சினுக்குக் கடைசியாகக் காசு போடுங்கள், முதலில் சரக்கறையை மட்டும் பெரிதாக்குங்கள். சேகரிப்பாளரின் சக்திகளைக் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் விடுங்கள். பெரிய மூட்டையும் மெதுவான படகுமாக டெவில்ஸ் ஸ்பைன் வரை போய்த் திரும்பும்போது பழைய கணக்குகள் எல்லாம் மறுபடி வந்துவிடுகின்றன. இரண்டு தொகுப்புகளையும் வாங்குவதாக இருந்தால் முதலிலேயே சேர்த்து வாங்கி, ஸ்டெல்லார் பேசின் முடிந்த கையோடு அயர்ன் ரிக்கைத் தொடங்கிவிடுங்கள். பேல் ரீச் எப்போது போனாலும் பரவாயில்லை.