பேநவ்–யுபிஐ சேவை: பணம் போய்ச் சேர்ந்த பிறகும் தொடரும் மதிப்பீடு

மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு நான் மாதந்தோறும் பணம் அனுப்பத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பெரும்பாலான ஆண்டுகளில், சம்பளம் கைக்கு வந்ததை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போவதும், சிராங்கூன் சாலையை ஒட்டிய பணமாற்றுக் கடைகளில் அன்றைய விகிதத்தை ஒவ்வொரு பலகையாகப் படித்துப் பார்ப்பதும், பிறகு வரிசையில் நிற்பதுமே என் வழக்கமாக இருந்தன. கடந்த இரண்டு ஆண்டுகளாக அந்த வேலையைக் கைத்தொலைபேசியில் பேநவ்–யுபிஐ என்ற உடனடிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாகச் செய்துவருகிறேன். இந்த மதிப்பீடு அந்தச் சேவையைப் பற்றியது. ஆனால் அம்மாவின் கணக்கில் பணம் விழுந்த நொடியோடு இதை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. விழுந்த பிறகு அந்தப் பணத்துக்கு நேர்ந்தவைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன.

சிங்கப்பூரில் 2017 முதல் இயங்கும் பேநவ் கட்டமைப்பையும், இந்தியாவில் 2016-ல் வந்த யுபிஐ கட்டமைப்பையும் இணைத்து, 2023 பிப்ரவரி 21 அன்று இரு நாட்டுப் பிரதமர்களின் முன்னிலையில் இச்சேவை தொடங்கப்பட்டது. அன்று சிங்கப்பூர்த் தரப்பில் டிபிஎஸ் வங்கியும் லிக்விட் குரூப் நிறுவனமும் மட்டுமே இருந்தன. இந்தியத் தரப்பில் பாரத ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உள்ளிட்ட சில வங்கிகள் இருந்தன. 2025 ஜூலையில் கரூர் வைஸ்யா வங்கி, கனரா வங்கி, எச்டிஎஃப்சி போன்ற பதின்மூன்று வங்கிகள் சேர்ந்து, இந்தியப் பட்டியல் பத்தொன்பதாக வளர்ந்தது. டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்த விரிவு உண்மையாகவே பயன்பட்டது, ஏனெனில் எங்கள் வீட்டாரின் கணக்குகள் பெரும்பாலும் இந்தப் பெயர்களுக்குள்தான் இருக்கின்றன.

பயன்படுத்தும் முறையில் எனக்குக் குறையே இல்லை. அம்மாவின் யுபிஐ முகவரியை உள்ளிட்டால் கணக்கு யாருடையது என்று பெயர் வருகிறது. எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போகிறது, எத்தனை ரூபாய் போய்ச் சேரும் என்பதை உறுதி செய்வதற்கு முன்பே பார்த்துவிடலாம். முதல் முறை அனுப்பியபோது நான் அம்மாவுடன் காணொளி அழைப்பில் இருந்தேன். அவருடைய தொலைபேசியில் குறுஞ்செய்தி ஒலித்ததை நானும் கேட்டேன். “வந்துருச்சுப்பா” என்று அவர் சொன்னபோது, பணம் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு காலத்தில் நாங்கள் இரண்டு மூன்று நாள் காத்திருந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

விகிதத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. எந்த வழியில் அனுப்பினாலும், கட்டணம் இல்லை என்ற அறிவிப்பை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. அனுப்பும் நிறுவனத்தின் வருமானம் பெரும்பாலும் மாற்று விகிதத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கு 60 பைசா குறைந்தால் 700 வெள்ளிக்கு 420 ரூபாய் குறைகிறது. இத்தொகை சிறியதாகத் தோன்றலாம். என் அண்ணன் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்காக ஓராண்டுக்குக் கட்டும் தொகையே 436 ரூபாய்தான் என்பதை நினைத்துப் பார்த்த பிறகு, அதைச் சிறிய தொகை என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். உலக நாடுகள் 2030-க்குள் பணம் அனுப்பும் செலவை 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர இலக்கு வைத்திருக்கின்றன, உலக சராசரியோ இன்னும் அதன் இரு மடங்கு அளவில் நிற்கிறது. அனுப்பும் நாளில் மூன்று இடங்களின் விகிதத்தையாவது பார்த்துவிட்டு, கட்டணத்தையும் கழித்து, ஊரில் எத்தனை ரூபாய் கைக்கு வரும் என்ற ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

சேவையின் பெரிய குறை அதன் வரம்பு. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அது அன்று ஏறக்குறைய 1,000 வெள்ளி. ரூபாயில் வைத்த வரம்பு, ரூபாயின் மதிப்பு இறங்க இறங்க வெள்ளிக் கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். மாதச் செலவுக்கு இது போதும். மருத்துவமனைச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ போதாது. அப்படிப்பட்ட நேரத்திலும், பெற்றுக்கொள்பவரிடம் யுபிஐ இல்லாதபோதும் தேக்கா கடைகளின் பயன் இன்றும் குறையவில்லை. ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தெரியாமல் தயங்கி நிற்கும் புதிய ஊழியருக்கு, அந்தக் கடையில் “உங்கள் ஊர் எது?” என்று கேட்டபடியே வேலையை முடித்துக் கொடுக்கும் பெண்மணியின் இடத்தை எந்தச் செயலியும் இன்னும் பிடிக்கவில்லை.

இனி, பணம் போய்ச் சேர்ந்த பிறகு நடந்தது.

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி, 2023-24-ல் இந்தியாவுக்கு வெளிநாடுகளிலிருந்து சென்ற பணத்தில் 6.6 விழுக்காடு இந்தச் சின்னத் தீவிலிருந்து சென்றது. அந்தப் பணம் ஒரு காலத்தில் நகையாகவும் மனையாகவும் மாறியது. இப்போது அது வங்கிக் கணக்கிலேயே தங்குகிறது. தங்குவதைக் கண்டு அதை நோக்கி விற்பனையாளர்கள் வருகிறார்கள். சென்ற ஆண்டு அம்மா, முதிர்வடைந்த 2 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையைப் புதுப்பிக்கத் தம் வங்கிக் கிளைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது வைப்புத்தொகை ரசீது அல்ல. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் ஏழு ஆண்டுகள் கட்ட வேண்டிய, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே முதிர்வடையும் ஓர் ஆயுள் காப்பீட்டுக்கான கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்கு வயது 64. “டெபாசிட் மாதிரிதான்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு, உட்கார வச்சு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்துச்சு” என்றார். அந்த இளைஞரைக் குறை சொல்வதைவிட, வைப்புத்தொகை கேட்டு வரும் மூதாட்டியைக் காப்பீட்டு மேசைக்கு அனுப்பும்படி அவருக்கு இலக்கு வைக்கும் முறையைத்தான் நான் குறை சொல்வேன். இந்தியாவில் வங்கிகள் காப்பீட்டு நிறுவனங்களின் முகவர்களாகவும் செயல்படலாம், விற்பனைக்குத் தரகும் பெறலாம். ஆகவே கிளையில் நமக்குக் கிடைக்கும் அறிவுரை எந்த மேசையிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே இவ்வாறு தவறாக விற்பதைப் பற்றி வங்கிகளை எச்சரித்துப் பேசினார்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு விதி. காப்பீட்டுப் பத்திரம் கிடைத்த 30 நாளுக்குள், நிபந்தனைகள் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து அதைத் திருப்பிவிடலாம். இதை ‘ஃப்ரீ லுக்’ காலம் என்கிறார்கள். முன்பு பொதுவாக 15 நாளாக இருந்ததை இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் நீட்டித்தது. சிங்கப்பூரில் ஆயுள் காப்பீட்டுக்கு இந்த அவகாசம் 14 நாள்தான். இந்த ஒன்றில் இந்திய விதி நம்முடையதைவிடத் தாராளமானது. அண்ணன் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போய், எழுத்து மூலமான விண்ணப்பத்தைக் கொடுத்து, அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார். முத்திரைத்தாள் கட்டணமும் காப்பு நடப்பில் இருந்த நாள்களுக்கான சிறு தொகையும் போக, மீதி மூன்று வாரத்தில் திரும்பியது. காப்பீட்டு நிறுவனம் மறுத்திருந்தால், ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையத்தளத்தில் புகார் அளிப்பதும், அதற்கும் பலனில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகுவதும் அடுத்த படிகள். முப்பது நாள் கடந்துவிட்டவர்களுக்கும் முன்னைப்போல் முழு இழப்பு இல்லை. 2024 அக்டோபர் முதல் அமலான விதிப்படி, ஓராண்டுப் பிரிமியம் கட்டியவர் நிறுத்திக்கொண்டாலும் கட்டியதில் ஒரு பகுதியாகத் திரும்பக் கிடைக்கும் ஒரு சரண்டர் தொகை உண்டு.

தேவையான காப்பீடு எது என்று கேட்டால், என் பதில் மிகவும் எளிமையானது. அம்மாவுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் வரையிலான விபத்துக் காப்பீடு இருக்கிறது. அதில் 70 வயது வரை தொடரலாம். ஜீவன் ஜோதியைப் போலவே இதற்கும் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கப்படுகிறது. அப்போது இருப்பு இல்லையென்றால் காப்பு அற்றுப்போகும் என்பதால், அந்த மாதத்துப் பணத்தை நான் இருபதாம் தேதிக்கு முன்பே அனுப்பிவிடுகிறேன். மருத்துவக் காப்பீட்டிலும் இப்போது வழி திறந்திருக்கிறது: 65 வயதுக்கு மேற்பட்டோருக்குப் புதிய காப்பீடு தருவதற்கு இருந்த வயது வரம்பு 2024-ல் நீங்கியது, தனிநபர் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. வேண்டாத பத்திரத்துக்குப் போகவிருந்த பணத்தில் ஒரு பகுதியை அதற்குத்தான் கொடுத்தோம்.

பங்குச் சந்தைப் பக்கமும் எங்கள் வீடு திரும்பிவிட்டது. அண்ணன் மாதம் 2,000 ரூபாயை, தவணையாகத் தொடர்ந்து முதலிடும் எஸ்ஐபி முறையில் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறார். இந்தியா முழுவதும் இப்படிப் போடப்படும் தொகை 2024 அக்டோபரில் ஒரே மாதத்தில் 25,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பத்தாண்டு பொறுத்திருக்கக்கூடிய பணத்துக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். அண்ணன் மகன் செய்ததுதான் என்னைக் கவலையில் ஆழ்த்தியது. “சித்தப்பா, ஒரு நாளில் நாலாயிரம் எடுத்தேன்” என்று அவன் உற்சாகமாகச் சொன்னபோது, அவன் விளையாடிக்கொண்டிருந்தது, விலை ஏறுமா இறங்குமா என்று ஊகித்துப் பணம் வைக்கும் ஆப்ஷன் வணிகத்தில் என்பது தெரிந்தது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதையும் இதையொத்த ஃபியூச்சர்ஸையும் சேர்த்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் பணத்தை இழந்தனர் என்றும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியே கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறது. அந்த அறிக்கையை நான் அவனுக்கு அனுப்பினேன். அதை முழுவதும் படித்தானா என்று நான் கேட்கவில்லை. அவன் கணக்கில் அந்தப் பிரிவை முடக்கிவிட்டதாக அண்ணிதான் சொன்னார்.

இங்கே வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வசிக்கத் தொடங்கிய பிறகும் ஊரில் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது இந்திய விதிகளுக்கு ஒத்துவராது. அதை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். தங்குவிடுதியில் நான் கேட்டவரையில் பலருக்கு இது தெரியவே இல்லை. ஊரில் வரும் வாடகை போன்றவை என்ஆர்ஓ கணக்குக்குப் போகும், அதன் வட்டியில் 30 விழுக்காடும் அதற்குரிய மேல்வரியும் பிடிக்கப்படும். இங்கிருந்து நாம் அனுப்பும் சேமிப்பை, வெளிநாட்டு வருமானத்துக்கான என்ஆர்இ கணக்கில் போட்டால் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, தேவைப்படும்போது வெள்ளியாக்கித் திரும்பக் கொண்டுவரவும் தடையில்லை. அதனால் நான் இரண்டையும் பிரித்துவிட்டேன்: வீட்டுச் செலவு பேநவ்–யுபிஐ வழியாக அம்மாவுக்கு, என் சேமிப்பு தனியே என்ஆர்இ கணக்குக்கு.

பாதுகாப்பைப் பற்றியும் அம்மாவிடம் இரண்டு செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் (PIN) தேவையே இல்லை. அதைக் கேட்பவர் எடுக்க வந்தவர். இரண்டாவது, ஒரு வங்கியில் ஒருவருக்கு எத்தனை கிளைகளில் எத்தனை கணக்குகள் இருந்தாலும், வங்கி நொடித்தால் கிடைக்கும் வைப்புக் காப்பீடு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் நொடித்தபோது சேமித்தவர்களைக் காக்க எதுவும் இருக்கவில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. இன்று அந்த 5 லட்சம் என்ற எல்லை இருப்பதால், அம்மாவின் சேமிப்பை இரண்டு வங்கிகளில் பிரித்து வைத்திருக்கிறோம்.

சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. வரம்பு உயர்ந்தால் மீதியையும் தருவேன். காப்பீட்டுப் பத்திரத்திலிருந்து திரும்பி வந்த பணம் இப்போது மறுபடியும் வைப்புத்தொகையாக இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மா அதன் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி, தொகை, வட்டி, முதிர்வுத் தேதி என ஒவ்வொரு வரியாக எனக்கு வாசித்துக் காட்டினார். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம் என்று அண்ணன் கேட்டு வந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அம்மா அந்த வரியையும் படித்தார்: அண்ணனுக்குப் பாதி, எனக்குப் பாதி.