பழைய புத்தகக் கடை: 4 ஸ்டார், மிச்ச ஒண்ணு காணாமப்போன 16 பக்கத்துக்கு

டவுன்ஹால் ரோடு பக்கம் சந்துக்குள்ள இருக்க கடை. பேரு போடல, போட்டாலும் குழப்பம்தான், ஏன்னா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கடை ஒரே பேருல இருக்கு, அப்பா போனதும் அண்ணனும் தம்பியும் பிரிச்சுக்கிட்டாங்க. நான் சொல்றது படியேறிப் போற தம்பி கடை.

அடியில ஒரு குண்டு இங்கிலீஷ் புக்கு கிடந்துச்சு, அமெரிக்காவுல தோணுன மார்மன்ங்கிற கிறிஸ்தவ சபையோட தலைமையும் நிர்வாகமும் வளந்த கதை. கையில தூக்கிப் பாத்துட்டு "120 குடுங்கண்ணே"ன்னாரு, கைதான் அவருக்குத் தராசு. 100க்கு முடிஞ்சுது. ஜிபே பண்ணா இன்னும் அப்பா பேருதான் வருது.

படிச்சா கீழ வைக்க மனசு வரல. 1830 ஏப்ரல்ல நியூயார்க் மாநிலத்துல 6 பேரு பதிஞ்சு ஆரம்பிச்ச சபை, 5 வருசத்துல தலைவரு, ஆலோசகர் ரெண்டு பேரு, 12 அப்போஸ்தலர், அதுக்குக் கீழ எழுபதின்மர்னு கலெக்டர் ஆபீஸ் கணக்கா அடுக்கிட்டாங்க, ஆனா தலைவரு செத்தா அடுத்து யாருன்னு மட்டும் ஒரு முடிவா சொல்லி வைக்கல. 1844 ஜூன்ல இல்லினாய்ஸ் மாநிலத்து கார்த்தேஜ் ஜெயிலுக்குள்ள கும்பல் புகுந்து சபைய ஆரம்பிச்ச தலைவரு ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொல்லுது, அடுத்து யாருன்னு முடிவு பண்ண ஆகஸ்ட் 8 அவங்க ஊரான நாவூல பெரிய கூட்டம், ஆவலாத் திருப்புனா 16 பக்கம் இல்ல. சேத்துத் தைக்கிற ஒரு ஃபாரமே, அந்த 16 பக்கக் கட்டே உருவிருச்சு!

மிச்சத்த போன்லதான் தேடிப் படிச்சேன். ஸ்மித்தோட ஆலோசகர் சிட்னி ரிக்டன் சபைக்கு நான்தான் காவலன்னு நின்னாரு, அப்போஸ்தலர்களுக்குத் தலைவரான பிரிகாம் யங் அந்த 12 பேருக்குத்தான் அதிகாரம்னாரு, நெறைய பேரு யங் பின்னாடி போயி 1847ல மேற்கே இப்ப யூட்டால இருக்க சால்ட் லேக் பள்ளத்தாக்குல இறங்குனாங்க. போகாதவங்கள்ல ஒரு கூட்டம் 1860ல ஸ்மித்தோட மகனைத் தலைவராக்கி, பின்னாடி சபை பேருலயே 'மறுசீரமைக்கப்பட்ட'ன்னு சேத்துக்கிட்டாங்க. நம்மூர்ல 'ஒரிஜினல்'னு போர்டு மாட்டுறதுதான்.

யங் 1877ல செத்து அடுத்த தலைவரு வர 3 வருசம், 1898ல அப்ப இருந்த தலைவரு செத்து லொரென்சோ ஸ்நோ வர வெறும் 11 நாளு. இப்ப சண்டையே கிடையாது, 12 பேர்ல யாரு முதல்ல சேந்தாங்களோ அவங்கதான், வயசெல்லாம் பாக்கறதில்ல, 2018ல ரஸல் நெல்சன் வந்தப்ப அவருக்கு 93.

மறுநாள் புக்கத் தூக்கிட்டுப் போய் கேட்டேன். மூஞ்சி சுளிக்காம 30 ரூவா திருப்பிக் குடுத்தாரு, அதுக்கே 4 ஸ்டார். "பங்கு பிரிச்சப்ப மூட்டை மாறிருச்சுண்ணே, உதிரித் தாள்லாம் அண்ணன் கடையில கிடக்கும், பாருங்க, ஆனா நான் அனுப்புனேன்னு சொல்லிராதீங்க"ன்னாரு.

அங்க போய் வாயே தொறக்கல, கையில புக்கப் பாத்ததும் அண்ணன்காரரு, "தம்பி அனுப்புனானா?"ன்னாரு.